ஆறு பேரும் ஓர் ஆறும்



அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கிப் பயணம் செய்தவர்களுக்குக் கித்துல்கல என்னும் ஊர் புதியதல்ல. ஒரு பக்கம் எப்போதும் மழையில் நனைந்திருக்கும் மலை. மறு பக்கம் பள்ளத்திலே களனி கங்கை. பஸ் வண்டி வளைவுகளில் திரும்பும்போது மரங்களுக்கிடையே வெண்ணுரை பளிச்சிடும். 1957ஆம் ஆண்டு வெளிவந்து உலகெங்கும் ஓடிய ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ என்ற ஆங்கிலப் படத்துக்காகப் பெரும் பாலமொன்று கட்டப்பட்டதும், அதே பாலம் கமெராவின் முன்னால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் இங்கேதான். தாய்லாந்தின் நதியாகத் திரையிலே தோன்றியது நமது களனி கங்கை!

இன்று அப்பாதையில் போனால் வேறொரு காட்சி. வேன்களின் கூரைமேல் கவிழ்த்துக் கட்டிய றப்பர் ஓடங்கள். தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிந்து, கையில் துடுப்புடன் நடக்கும் இளைஞர் கூட்டம். பாறைகளுக்கிடையே பாய்ந்து வரும் ஆற்றில் காற்றடைத்த ஓடத்திலே இறங்கிச் செல்லும் இவ்விளையாட்டை ‘றாஃப்டிங்’ என்கிறார்கள். ஒருவர் மட்டும் இடுப்புவரை நுழைந்து அமரும் ஒடுங்கிய சிறு ஓடம் ‘கயாக்’ எனப்படும்.

கரும்பலகையோடும் பாடக்குறிப்போடும் காலங் கழிக்கும் ஒரு மௌலவி ஆசிரியனுக்கு இதிலே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த எமது மாணவர்கள் சிலர், தம்மைக் கித்துல்கலவுக்கு அழைத்துச் செல்லும்படி என்னிடம் வந்து நின்றார்கள். நான் பதில் சொல்லுமுன்பே அவர்களுள் ஒருவனின் தாயாரிடமிருந்து தொலைபேசி வந்தது. “மௌலவி, எங்கட மகனுக்கு நீந்தவே தெரியா. இது என்னத்துக்கு?”

அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. ஏனெனில் அவருடைய அச்சம் வீண் அச்சமல்ல. விடுமுறைக்குச் சுற்றுலா போன பிள்ளைகள் குளிக்க இறங்குவதும், ஒருவன் வழுக்கி விழ அவனைக் காப்பாற்றப் பாய்ந்த இன்னொருவனும் சேர்ந்து போவதும், ஒரே வீதியில் இரண்டு ஜனாஸாக்கள் எழுவதும் நம் நாட்டிலே எந்த ஊருக்குத் தெரியாத செய்தி? நன்றாக விசாரிக்காமல் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதில்லை என்று தீர்மானித்தேன். ஒரு வாரம் முந்தித் தனியே போய்க் கரையிலே அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். கேட்டேன், வாசித்தேன். அப்படி அறிந்தவற்றையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

நீரின் பலம்

ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரமுள்ள தண்ணீரின் நிறை ஒரு தொன். ஓர் ஆற்றிலே செக்கனுக்கு இருபது, முப்பது அத்தகைய கன மீற்றர்கள் பாய்ந்து வருமாயின், இருபது முப்பது தொன் பாரம் ஒவ்வொரு செக்கனும் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அதனோடு மல்லுக்கு நின்று வென்றவர் எவருமில்லை. அதன் போக்கைப் படித்து, அதற்கேற்ப வழி தேடியவரே கரை சேர்ந்தார்.

ஆற்றைப் படிப்பது ஒரு கல்வி. இரண்டு பாறைகளுக்கிடையே நீர் ஒடுங்கிப் பாயும்போது நாக்கைப் போல வழவழப்பான ஒரு பாதை தெரியும். கூர்முனை கீழ்நோக்கி இருக்கும். அதுதான் வாசல். பெரும் பாறையின் பின்புறத்திலே நீர் அமைதியடைந்து மெல்ல மேல்நோக்கித் திரும்பும். இதை ‘எடி’ என்கிறார்கள். ஓடம் ஒதுங்கி மூச்சு வாங்கும் திண்ணை அது. பாறையின் மேலேறிக் குத்தென விழும் நீரோ அடியிலே சுருண்டு திரும்பி வரும். அகப்பட்டதை விடாமல் உருட்டும். பாய்ச்சல்களை அவற்றின் கடுமைக்கேற்ப ஒன்று முதல் ஆறு வரை தரப்படுத்தியிருக்கிறார்கள். ஆறாம் தரம் உயிரைப் பணயம் வைப்பது. கித்துல்கலவில் பொதுவாக மக்கள் இறங்கும் பகுதி இரண்டாம், மூன்றாம் தரங்களைச் சேர்ந்தது.

நீந்தத் தெரிந்தவன் தப்புவான், தெரியாதவன் சாவான் என்பதே நமது எண்ணம். ஓடும் ஆற்றிலே இது பாதி உண்மைதான். ஆழம் குறைந்த இடத்தில், ‘தண்ணீர் முழங்கால் அளவுதானே’ என்று எழுந்து நிற்பதே பெரும் ஆபத்துகளுள் ஒன்று. பாறை இடுக்கிலே பாதம் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து நீர் தள்ளும். மனிதன் முகங்குப்புற விழுவான். முழங்கால் அளவு நீரிலே மூழ்குவான். சிறந்த நீச்சற்காரனும் இதற்கு விலக்கல்ல. ஆகவே ஓடத்திலிருந்து விழுந்தவர் மல்லாந்து படுத்து, கால்களைப் போகும் திசைக்கு நீட்டி, பாதங்களை மேலே உயர்த்தியபடி மிதக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரக்கிளைகள் இன்னோர் ஆபத்து. தேயிலை வடி எப்படித் தேநீரை விட்டுச் சக்கையைப் பிடிக்கிறதோ, அப்படியே கிளை தண்ணீரை விட்டு மனிதனைப் பிடித்துக்கொள்ளும்.

கித்துல்கலவுக்கு மேலே பொல்பிட்டிய மின்னிலையம் இருக்கிறது. அங்கிருந்து நீர் திறக்கப்படும்போது கீழே ஆறு உயரும். வானத்தில் மேகமே இல்லாத நாளிலும் இது நடக்கலாம். கரையிலே சோற்றுப் பொதியை அவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்க இறங்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

தாளம் தவறினால்

ஓர் ஓடத்தில் பொதுவாக ஆறு பேர், பக்கத்துக்கு மூவர். பின்னால் வழிகாட்டி. கரையிலிருந்து பார்த்தபோது, வலிமையுள்ளவர்கள் நிறைந்த ஓடமே நன்றாகப் போகும் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. திடகாத்திரமான வாலிபர்கள் ஏறிய ஓடமொன்று முதற் பாய்ச்சலிலேயே பம்பரமாகச் சுற்றிப் பின்புறமாக இறங்கியது. அவரவர் தம் பலத்தைக் காட்டித் துழாவினார்கள், தாளம் இல்லை. அதன் பின்னால் வந்த ஓடத்திலே நடுத்தர வயதுத் தம்பதியரும் அவர்களது பிள்ளைகளும் இருந்தனர். முன்னால் இருந்த இருவர் துடுப்பை நீரில் வைக்கும்போது மற்றவர்களும் வைத்தார்கள், எடுக்கும்போது எடுத்தார்கள். நூல் பிடித்தாற்போலப் போயிற்று.

கட்டளைகள் நாலைந்துதான். ‘ஃபோவர்ட்’ என்றால் முன்னே, ‘பேக்’ என்றால் பின்னே, ‘ஸ்டொப்’, ‘கெட் டவுன்’ என்றால் ஓடத்துக்குள் குந்து. இவற்றை விட வினோதமான ஒன்று உண்டு. ஓடம் பக்கவாட்டாகப் போய்ப் பாறையில் மோதி ஒட்டிக்கொண்டால், பாறையை விட்டு விலகி மறுபக்கம் சாய்வதே மனித இயல்பு. அப்படிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் நீர் தாழ்ந்த விளிம்பின் மேலேறி ஓடத்தைக் கவிழ்த்துவிடும். எனவே ‘ஹை சைட்’ என்று வழிகாட்டி கத்தியதும் ஆறு பேரும் பாறையை நோக்கிப் பாய வேண்டும்! ஐவர் பாய்ந்து ஒருவர் தயங்கினாலும் ஓடம் கவிழலாம். யோசிப்பதற்கு நேரமில்லை. யோசிப்பதெல்லாம் கரையிலே முடிந்திருக்க வேண்டும்.

துடுப்பின் மேல்முனையிலுள்ள குறுக்குக் கட்டையைக் கையால் மூடிப் பிடிக்கும்படி நூறு தடவை சொல்வார்கள். காரணத்தைக் கேட்டேன். “பக்கத்தில் இருப்பவரின் பல்லுக்காக” என்றார் வழிகாட்டி இளைஞர். கையை எடுத்தால் அந்தக் கட்டை அயலவனின் வாயில்தான் போய் மோதும். அவர் அதே ஊரில் பிறந்து, அதே ஆற்றில் குளித்து வளர்ந்த சிங்கள வாலிபர்.

கயாக்கின் கதை இதிலிருந்து சற்று வேறானது. வட துருவப் பிரதேசத்து இனூயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காக மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, தோல் போர்த்திச் செய்த ஓடம் அது. கவிழ்ந்தால் அந்தக் குளிர்நீரில் நீந்திப் பிழைக்க இயலாது. ஆகவே ஓடத்தை விட்டு வெளியேறாமலே உருண்டு நிமிரும் வித்தையை அவர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று அதே வித்தையைப் பிளாஸ்டிக் கயாக்கில் இருப்பவர்கள் பழகுகிறார்கள். ஒருவருக்கான ஓடமாயினும் தனியே போகலாகாது என்பது அவர்களிடையே உள்ள கட்டுப்பாடு. குறைந்தது மூவர் வேண்டும். ஒருவன் விபத்தில் அகப்பட்டால் ஒருவன் அருகில் நிற்க, மற்றவன் உதவிக்கு ஓட வேண்டுமல்லவா? றப்பர் ஓடங்கள் இறங்கும்போது ஒரு கயாக்காரர் முந்திச் சென்று பாய்ச்சலின் கீழே ஒதுங்கி நிற்பார். விழுபவர்களைப் பொறுக்குவதே அவர் வேலை. ஆற்றிரைச்சலில் குரல் கேட்காது, சைகைதான் பேச்சு. துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் வரலாம். குறுக்கே பிடித்தால் நில். தலையைத் தட்டிக் காட்டினால் சுகமாக இருக்கிறேன் என்று பொருள். இவற்றுள் என் மனதைத் தொட்டது ஒன்று: ஆபத்து இருக்கும் பக்கத்தை அவர்கள் ஒருபோதும் சுட்டிக் காட்டுவதில்லை. போக வேண்டிய பக்கத்தையே காட்டுவார்கள். தொலைவிலிருந்து விரலைக் காண்பவன் அந்தப் பக்கமே திரும்பிவிடுவான் என்பதால் இந்த ஏற்பாடு.

நான் விழுந்த கதை

இவ்வளவும் அறிந்த பின்னரே பெற்றோரின் சம்மதம் பெற்று மாணவர்களைக் கூட்டிச் சென்றேன். நான் சாரன் உடுத்துப் போயிருந்தேன். வழிகாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஆற்றில் விழுந்தால் சாரன் காலைச் சுற்றிக் கட்டிவிடுமாம். முழங்காலுக்குக் கீழே இறங்கும் காற்சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

மூன்றாவது பாய்ச்சலில் நான் தண்ணீருக்குள் இருந்தேன். எப்படி விழுந்தேன் என்று இன்றும் தெரியாது. கண்ணுக்குள், மூக்குக்குள், எங்கும் தண்ணீர். கால்களை நீட்டு என்று ஒரு வாரமாக மற்றவர்களுக்கு உபதேசித்த நான், எழுந்து நிற்கவே முயன்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லவேளை, அங்கே நிலம் எட்டவில்லை. அங்கியின் மிதப்பு என்னை மேலே கொண்டுவந்தது; ஓடத்தின் விளிம்பைப் பிடித்தேன். உள்ளே இருந்தவன் நீந்தத் தெரியாத அந்தப் பையன். அவன் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. படிப்பித்தபடியே அங்கியின் இரு தோட்பட்டைகளையும் பற்றி, முதலில் என்னைத் தண்ணீருக்குள் ஓர் அமுக்கு அமுக்கினான்! மிதவை மேலெழும் விசையோடு சேர்த்துத் தூக்கி, தான் பின்புறமாக விழுந்து, என்னைத் தன்மேல் வந்து விழச் செய்தான். “மன்னிச்சுக்கொள்ளுங்க சேர், அமுக்கத்தான் வேணும் என்று சொன்னாங்க” என்றான்.

பதின்மரில் அறுவர்

ஓடத்திலே ஒற்றுமை குலைந்தால் என்னாகும் என்பதற்கு ஆற்றுப் பயணிகள் இன்றும் சொல்லும் பழைய சம்பவம் ஒன்றுண்டு. 1869ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் ஜோன் வெஸ்லி பவெல் என்பவர் தம்முடன் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு நாலு மர ஓடங்களில் புறப்பட்டார். உள்நாட்டு யுத்தத்தில் வலது கையை இழந்தவர் அவர். கொலராடோ நதி ஓடும் மாபெரும் மலைப் பிளவை, அன்று வரைபடத்திலே வெற்றிடமாக இருந்த அந்தப் பகுதியை, நீர்வழியே கடப்பது அவர் நோக்கம். ஓர் ஓடம் நொறுங்கியது. உணவும் போயிற்று. ஒருவர் இடையிலே விலகினார். மூன்று மாதங்களுக்குப் பின் ஓகஸ்ட் 28ஆம் திகதி, பயங்கரமான ஒரு பாய்ச்சலின் தலைமாட்டில் பிளவு வந்தது. இனி முடியாது என்று மூவர் மலையேறி நடந்தார்கள். எஞ்சிய ஆறு பேரும் ஓடங்களில் இறங்கினார்கள். மறுநாளே அந்தப் பள்ளத்தாக்கை விட்டு உயிரோடு வெளியே வந்தார்கள். நடந்து போன மூவரும் திரும்பவில்லை. வழியிலே கொல்லப்பட்டார்கள், கொன்றவர் யார் என்பது இன்றுவரை விவாதத்துக்குரியது. அந்த இடத்துக்குப் ‘பிரிவுப் பாய்ச்சல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நடந்தவர்கள் கோழைகள் என்று நான் கருதவில்லை. அவர்களும் மூன்று மாதம் துடுப்புப் போட்டவர்கள்தாம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட றப்பர் ஓடங்கள் மலிவாகக் கிடைத்தபோதுதான் இது சாதாரண மக்களின் விளையாட்டாக மாறியது. கயாக்கைப் பாயும் நீரில் வளைத்து வளைத்துச் செலுத்தும் போட்டி 1972இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பின்னர் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1992இல் திரும்பவும் வந்தது.

றாஃப்டிங் உலகளாவிய போட்டியாக உருவான கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுகளைக் குறிவைத்து நின்ற காலத்தின் இறுதியில், ஜிப் எலிசன் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு யோசனையை முன்வைத்தார். இரு நாட்டவரையும் ஒரே ஓடத்தில் கலந்து ஏற்றினால் என்ன? 1987இல் சைபீரியாவின் கட்டூன் நதியில் அது நடந்தது. 1989இல் அதே மலைநாட்டின் சூயா நதியில் பல நாட்டுக் குழுக்கள் கூடின. ரஷ்யர்களுக்குக் கடையிலே ஓடம் வாங்க வசதியில்லை. கிடைத்த துணியையும் குழாயையும் கொண்டு தாமே தைத்து, தாமே கட்டிய ஓடங்களோடு வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில், அதற்கடுத்த ஆண்டு கொஸ்தா ரிக்காவில் என்று கூட்டம் தொடர்ந்தது. 1997இல் சர்வதேச றாஃப்டிங் சம்மேளனம் அமைந்தது. இன்று உலகப் போட்டிகளில் நால்வர் குழு, அறுவர் குழு என இரு வகை உண்டு. குறுந்தூர வேக ஓட்டம், இரு ஓடங்கள் நேருக்கு நேர் மோதும் ஓட்டம், தொங்கும் கம்பங்களுக்கிடையே செலுத்துவது, நெடுந்தூர ஓட்டம் ஆகிய நான்கினுள் கடைசி ஒன்றுக்கே அதிக புள்ளிகள். ஒரே சீராக நெடுநேரம் சேர்ந்துழைப்பதே கடினம் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள் போலும்.

மூழ்கிய ஆறு

1993இல் அந்தக் கூட்டம் கூடிய இடம் துருக்கியின் வடகிழக்கிலுள்ள சோருஹ் நதி. மலைகளிலே பிறந்து ஜோர்ஜியா நாட்டினூடாகக் கருங்கடலில் விழும் அந்நதி, உலகின் சிறந்த பாய்ச்சல் ஆறுகளுள் ஒன்றாகப் புகழ் பெற்றிருந்தது. அதன் கரையிலே யூசுஃபெலி என்ற சிற்றூர். கோடைதோறும் ஓடக்காரர்கள் வந்திறங்குவார்கள்.

இன்று அங்கே போனால் அந்த ஆற்றைக் காண முடியாது. சோருஹ் மீது அடுத்தடுத்து அணைகள் எழுந்தன. 275 மீற்றர் உயரமான யூசுஃபெலி அணையில் 2022 நவம்பரில் நீர் தேக்கப்பட்டது; பழைய ஊர் மூழ்கியது. மக்களுக்கு மேட்டிலே புதிய ஊர் கட்டிக் கொடுக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாய்ச்சல்களைப் புதிதாகக் கட்டிக் கொடுக்க எந்த அரசாலும் முடியாது.

கித்துல்கலவிலும் இந்தக் கவலை இருந்தது. பொல்பிட்டியவுக்குக் கீழே புரோட்லண்ட்ஸ் என்ற 35 மெகாவோற் மின்திட்டம் வரப்போகிறது என்றதும் ஆற்றை நம்பிப் பிழைக்கும் இளைஞர்கள் அஞ்சினார்கள், எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2022இல் அது மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ஓடங்கள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. எனினும் காலையில் எழுந்ததும் வழிகாட்டிகள் பார்ப்பது வானத்தையல்ல, ஆற்றின் மட்டத்தை. தண்ணீர் எப்போது வரும் என்ற பேச்சே அவர்களிடையே முதற் பேச்சு. அதே தண்ணீர்தான் கொழும்புக்குக் குடிநீராகவும் போகிறது. நம் வீட்டு மின்குமிழிலும் எரிகிறது.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. அங்கி உடலுக்கு இறுக்கமாகப் பொருந்துகிறதா? தோட்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறும் அங்கியால் பயனில்லை. கயாக்காரர் உடன் வருகிறாரா? எறிவதற்குக் கயிற்றுப் பை இருக்கிறதா? கரையிலே நின்று கட்டளைகளைப் பழக்கினார்களா, அல்லது அவசரமாக ஏற்றிவிட்டார்களா? மழை கடுமையாகி ஆறு கலங்கிய நாளில், “இன்று முடியாது” என்று காசைத் திருப்பித் தருபவரே நம்பத்தக்கவர். குடும்பமாகச் செல்பவர்கள் தமக்கென ஓர் ஓடத்தைக் கேட்டுப் பெறலாம். பெண்கள் உடலை மூடும், ஆனால் தொங்கி அலையாத உடை அணிந்து, முக்காட்டின் நுனிகளை அங்கிக்குள் செருகிக்கொள்வது நல்லது.

அன்று மாலை கரையேறியதும் வழிகாட்டி எங்களை வரிசையில் நிறுத்தித் தலைகளை எண்ணினார். பிறகு கயாக்காரர் ஒரு தடவை எண்ணினார். நானும் எண்ணினேன்.

இரண்டு நாட்களின் பின் அந்தத் தாயார் மீண்டும் தொலைபேசியில் வந்தார். மகன் தன்னை இழுத்து ஏற்றிய கதையைச் சொல்லிச் சிரிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “மௌலவி, இவனுக்கு நீச்சல் பழக்க எங்கயாவது இடம் இருக்கா?” என்று கேட்டார். எங்கள் ஊரிலே அப்படி ஓர் இடம் இல்லை. பக்கத்து ஊரிலும் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.